கோழி வளர்ப்புக்குப் பின்னால் ஒரு நாவல்

சென்ற ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. திண்டிவனத்தில் காலையிலிருந்தே தூறல். அரை நாள் அலுவலகம் முடித்துவிட்டு, குடையை உதறிக்கொண்டே நூலகத்தின் படியேறியவள் வராந்தாவிலேயே நின்றுவிட்டேன்.

சுவரோரமாகப் புத்தகக் கட்டுகள். சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் இறுக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். கயிறு அழுத்திய இடங்களில் அட்டைகள் மடங்கிக் கிடந்தன. சாரல் அடித்து அடியிலிருந்த கட்டு நனைந்திருந்தது.

மூன்றாவது கட்டின் நடுவில் பச்சைத் துணி ஒட்டிய ஒரு முதுகு தெரிந்தது. மேல் ஓரத்தில் எலி கடித்த அடையாளம். அந்தக் கடியை எனக்கு நன்றாகத் தெரியும். அது என் நாவல்.

நான் எழுதியது இல்லை. ஆனாலும் என்னுடையதுதான்.

"சார்! இன்னா சார் இது? யாரைக் கேட்டுக் கட்டினீங்க?"

நூலகர் தணிகாசலம் சாது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் உள்ளே தலை கவிழ்ந்து உட்கார்ந்திருப்பதால் அவர் ஆண்டு முழுவதும் கிசுகிசுப்பாகத்தான் பேசுவார். அன்றும் ஓடி வந்து, உதட்டில் விரல் வைத்தார்.

"மெதுவா மேடம். பசங்க படிச்சிக்கினு இருக்காங்க. இது கழிவு லிஸ்ட். பல வருஷமா வெளிய போவாத புக்கையெல்லாம் எடுத்துடச் சொல்லி ஆர்டர். திங்கக்கெழம பேப்பர் கடைக்காரர் வந்து ஏத்திக்கினு போயிடுவாரு."

"இந்தப் பச்சை புக்குமா?"

அவர் கட்டைத் தளர்த்தி, அதை உருவி, பின்னட்டையைத் திறந்து காட்டினார். தேதி முத்திரை குத்துவதற்காக ஒட்டிய சீட்டு, ஒட்டிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே வெறுமையாக இருந்தது. தாள் மட்டும் பழுப்பேறியிருந்தது. ஒரு முத்திரைகூட இல்லை.

"பாருங்க. ஒருத்தர்கூட படிக்கல."

"நான் படிச்சிருக்கேன் சார்! பதினோரு தடவை படிச்சிருக்கேன்!"

"சீட்டுல இல்லையே மேடம்," என்றார் அவர், வருத்தமாகவே.

எனக்கு வந்த கோபத்தை இந்தத் தொடரில் அப்படியே எழுதினால் வார இதழ் ஆசிரியர் வெட்டிவிடுவார். வெளியே போன புத்தகம்தான் படித்த புத்தகமா? வாங்கிக்கொண்டு போய் ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, பதினான்காம் நாள் தூசி தட்டித் திருப்பித் தருகிறவருக்கு ஒரு முத்திரை. அங்கேயே உட்கார்ந்து, வரி வரியாக, நெஞ்சு அடித்துக்கொள்ளப் படித்தவளுக்கு ஒன்றுமில்லை. இந்தக் கணக்கை யார் போட்டார்கள்?

பெயர் சொல்ல மாட்டேன்

நாவலின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் உங்களில் யாராவது ஒருவர் தேடி எடுத்து வைத்துக்கொள்வீர்கள். புத்தகம் படிக்கிற என் இனத்தை எனக்குத் தெரியும்.

கதையை மட்டும் சொல்கிறேன். ஒரு கிணறு, இரண்டு பங்காளிகள். கூடப் பிறந்த அண்ணன் தம்பிதான், பாகப் பிரிவினைக்குப் பிறகு பேச்சு வார்த்தை இல்லை. ஒரு கோடையில் தூர் வார வேண்டி வருகிறது. ஆள் கிடைக்கவில்லை. அண்ணன் உள்ளே இறங்குகிறான். தம்பி மேலே வடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அடியில் சேறு வாரி முடித்ததும் அண்ணன் வடத்தை இரண்டு முறை இழுத்து சாடை காட்டுகிறான். மேலேயிருந்து பதில் இல்லை.

அந்த இடத்தில் அத்தியாயம் முடிகிறது. அதற்கு அடுத்த அத்தியாயத்தில் அந்தப் புண்ணியவான் எழுத்தாளர் கிணற்றைப் பற்றி மூச்சே விடாமல் இருபது வருடம் பின்னால் போய், இவர்கள் அம்மாவின் கல்யாணத்தைச் சொல்ல ஆரம்பிக்கிறார். முதல் தடவை படித்தபோது புத்தகத்தைச் சுவரில் வீசலாமா என்றிருந்தது. அதே சமயம் கீழே வைக்கவும் முடியவில்லை. அன்றைக்கு நான் வீட்டுக்குப் போகிற ரயிலை விட்டேன்.

நான் பிறந்தது மண்டகப்பட்டுப் பக்கம். எங்கள் நிலத்துக் கிணற்றிலும் தூர் வாரியிருக்கிறார்கள். அந்தச் சேறு மேலே வந்து வெயிலில் கொட்டப்படும்போது ஒரு வாடை வரும், தொண்டையில் இறங்குகிற வாடை. நூலகத்து மின்விசிறிக்குக் கீழே, சுற்றிலும் ஃபினாயில் நெடி அடிக்க, எனக்கு அந்தச் சேற்று வாடை வந்தது. பக்கத்து நாற்காலிக்காரரை நிமிர்ந்து பார்த்தேன், அவருக்கும் வருகிறதா என்று. வெறும் காகிதத்தில் இருந்து வாடை வருகிறதென்றால் அதை விட ஒரு சந்தோஷம் உண்டா, சொல்லுங்கள்.

படிப்பதில் எனக்கு எப்போதுமே இந்தப் பைத்தியம்தான். சின்ன வயதில் விதைக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரிக்க உட்கார வைப்பார்கள். மடியில் ஏதாவது அச்சடித்த தாள் இருக்கும். கண் அதில், கை முறத்தில். கடைசியில் பருப்பெல்லாம் தோல் குவியலிலும் தோலெல்லாம் பருப்புக் கூடையிலும் கிடக்கும். "கண்ணுதான் புக்குல கீதுன்னா, கையை எங்கடி வச்சிக்கினு இருந்த?" என்று அம்மா முறத்தாலேயே முதுகில் ஒன்று வைப்பார்.

குக்கர் வட்டம்

சரி, பதினோரு தடவை படித்தவள் ஒரு தடவையாவது வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். தணிகாசலமும் கேட்டார். அதற்கு என் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வேலை திண்டிவனத்தில், வீடு விழுப்புரத்தில். கணவர் நல்ல மனிதர். நான் படிப்பதைப் பற்றி அவருக்குப் பெருமைதான். வருகிறவர்களிடமெல்லாம், "எங்க வீட்டுல எந்நேரமும் புக்கும் கையுமாத்தான் இருப்பாங்க," என்பார். சொல்லிக்கொண்டே கையிலிருக்கிற டீ டம்ளரைப் புத்தகத்தின் மேல் வைப்பார்.

எங்கள் வீட்டில் புத்தகம் என்றால் தடிமனான, தட்டையான, சூடு தாங்குகிற ஒரு பொருள். டிவி மேசையின் ஆடுகிற காலுக்கு ஒன்று. ஜன்னல் காற்றில் அடித்துக்கொள்ளாமலிருக்க ஒன்று. கொசு அடிக்க மெலிதாக ஒன்று.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு நூலகப் புத்தகத்தை எடுத்துப் போனேன். இரண்டாம் நாள் காலை, அடுப்பிலிருந்து இறக்கிய குக்கர் அதன்மேல் உட்கார்ந்திருந்தது. தூக்கிப் பார்த்தால், அட்டையில் காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி ஒரு கருப்பு வட்டம்.

"தரையில வச்சா டைல்ஸ் போயிடுமே," என்றார் கணவர்.

டைல்ஸ் போய்விடும். அவருக்கு அதுதான் கவலை. நான் அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. அந்தக் கருப்பு வட்டத்தோடு புத்தகத்தைத் திருப்பித் தரப் போனபோது எனக்கு நேர்ந்த அவமானம் இன்றைக்கும் காதைச் சுடுகிறது. அன்றைக்கு முடிவு செய்தேன், நூலகப் புத்தகம் ஒன்றைக்கூட என் வீட்டு வாசற்படி ஏற்றுவதில்லை என்று.

அதனால்தான் அங்கேயே உட்கார்ந்து படித்தேன். ஐந்தே முக்காலுக்கு அலுவலகம் விடும். விழுப்புரம் பாசஞ்சர் ஏழு மணி வாக்கில். இடையில் எனக்கென்று முக்கால் மணி நேரம் கிடைக்கும். உறுப்பினர் அட்டை கைப்பையில் தூங்கிக்கொண்டிருந்தது.

நான் மன்னிக்காதவர்கள்

பக்க மூலையை மடிப்பவர்களை நான் மன்னிப்பதில்லை. எச்சில் தொட்டுப் புரட்டுகிறவர்களையும்தான். துப்பறியும் நாவலின் முதல் பக்கத்தில் "கொலைகாரன் அந்த டாக்டர்தான்" என்று பால்பேனாவால் எழுதிவைத்த ஒருவர் இந்த ஊரில் இருக்கிறார். கையெழுத்தை வைத்து இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ரயிலில் புத்தகத்தோடு நிற்பவளைப் பார்த்து, "எக்ஸாமாம்மா?" என்று கேட்கிறவர்கள். "இல்லீங்க, சும்மா கதை புக்கு," என்றால், "ஓ, பொழுது போவணுமில்ல," என்று இரக்கப்படுகிறார்கள். சொல்லிவிட்டு, அதே ஆள் விக்கிரவாண்டி தாண்டி முண்டியம்பாக்கம் வரும்வரை செல்போனில் பல்லி கீழே விழுகிற வீடியோவை ஊரே கேட்கிற மாதிரி திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார். பொழுது போக வேண்டியது எனக்காம்.

இப்படி எல்லாரையும் திட்டுகிறவள் என்ன செய்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். இதை எழுதத்தான் இரண்டு வாரமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

முக்கால் மணி நேரத்தில் எத்தனை பக்கம் படிக்க முடியும்? நாவலோ தலையணை அளவு. அண்ணன் கிணற்றுக்குள் நிற்கிறான். நாளை நான் வருவதற்குள் வேறு யாராவது எடுத்துக்கொண்டு போய்விட்டால்?

நூலகத்தின் கடைசிக் கோடியில் கால்நடை வளர்ப்பு அலமாரி இருந்தது. கோழி வளர்ப்பு பற்றி அங்கே ஒரு முழு வரிசை. அந்தப் பக்கம் யாரும் போய் நான் பார்த்ததில்லை. யாரும் கவனிக்காதபோது கோழிகளை ஒதுக்கி, பின்னால் இருந்த சந்தில் பச்சை நாவலை முதுகு தெரியாமல் நிறுத்திவைத்தேன். மறுநாள் சாயங்காலம் அது அங்கேயே எனக்காகக் காத்திருந்தது. அந்த நிம்மதியை என்னவென்று சொல்வது.

முடித்த பிறகாவது அதன் இடத்தில் வைத்தேனா? வைக்கவில்லை. மழைக்காலம் வந்தால் மறுபடி படிக்கத் தோன்றும். எனக்கு வேண்டும்போது கிடைக்க வேண்டுமே. அது பாட்டுக்குக் கோழிகளுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அநேகமாக வருஷம் ஒரு முறை போய் எடுப்பேன், படிப்பேன், மறுபடி ஒளித்துவைப்பேன்.

வராந்தாவில் மறுபடி

தூறல் வலுத்திருந்தது. நான் இன்னும் கத்திக்கொண்டிருந்தேன். தணிகாசலம் பொறுமையாக விளக்கினார்.

"இந்த புக்கு அலமாரியிலயே இல்ல மேடம். ஸ்டாக் எடுக்கச்சொல்ல கோழி வளர்ப்பு ரேக்கை நகத்தினோம். பின்னால கெடக்குது. எவனோ ஒரு படுபாவி தூக்கிப் போட்டிருக்கான். அவனால எனக்கு எவ்ளோ பேஜாரு தெரியுமா? இருங்க, காட்றேன்."

உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்தார். வாசகர்கள் குறை எழுதும் நோட்டு. அதில் ஒரே கையெழுத்தில், வேறு வேறு வருடங்களில், நான்கு குறிப்புகளைக் காட்டினார். வட்ட வட்டமான, அழகான எழுத்து. கீழே 'ஷகிலா, கோட்டக்குப்பம்' என்று பெயரும் போன் நம்பரும்.

முதல் குறிப்பு மரியாதையாக இருந்தது. "மேற்படி நாவலைப் பாதி படித்திருக்கிறேன். இப்போது காணவில்லை. தேடித் தரும்படிக் கேட்டுக்கொள்கிறேன்."

இரண்டாவது: "பதிவேட்டில் இருக்கிறது. அலமாரியில் இல்லை. இது என்ன நியாயம்?"

மூன்றாவது: "படித்தவர்கள் யாராவது இந்த நோட்டைப் பார்த்தால் ஒரு வரி எழுதுங்கள். அந்த அண்ணன் கிணற்றிலிருந்து ஏறினானா, இல்லையா?"

நான்காவதில் நாவலின் பெயர்கூட இல்லை. "எடுத்து ஒளித்துவைத்திருப்பவர் நன்றாக இருக்கட்டும்" என்று மட்டும் எழுதி, பேனா தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்திக் கோடு போட்டிருந்தது.

அந்த நோட்டு இருந்த மேசைக்கு இரண்டு நாற்காலி தள்ளித்தான் நான் தினமும் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள்கூட அதைத் திறந்து பார்த்ததில்லை.

"இத்தனை தடவை கேட்டிருக்காங்களே சார். அப்புறம் எப்படி லிஸ்ட்ல போட்டீங்க?" என்றேன். குரல் இறங்கிவிட்டிருந்தது.

"நோட்டுல எழுதுறதெல்லாம் கணக்குல வராது மேடம். சீட்டுதான் கணக்கு." கொஞ்சம் யோசித்துவிட்டு, இன்னும் கிசுகிசுப்பாகச் சொன்னார். "லிஸ்ட்ல இன்னும் கையெழுத்து ஆவல. ஒரே ஒரு தடவை வெளிய போனா லிஸ்ட்ல அந்தப் பேரை அடிச்சிட்டு மறுபடி உள்ள வச்சிடுவேன். உங்க கார்டு இருக்குதா?"

கைப்பையின் அடியிலிருந்து, பழைய ரசீதுகளுக்கு நடுவே, அட்டையைத் தேடி எடுத்தேன். அவர் மை அட்டையில் முத்திரையை ஒற்றி, அந்த வெற்றுச் சீட்டின் முதல் கட்டத்தில் குத்தினார். சத்தம் கேட்டுத் தேர்வுப் பிள்ளைகள் நான்கு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

தணிகாசலம் சார், இந்தத் தொடரை நீங்கள் வாரம் தவறாமல் படிக்கிறீர்கள் என்று தெரியும். அந்தப் படுபாவி நான்தான். நேரில் சொல்லத் தைரியம் வரவில்லை.

கோட்டக்குப்பத்தில்

அன்று இரவு நாவல் என் கைப்பைக்குள்ளேயே, பை பீரோவுக்குள்ளேயே இருந்தது. பீரோ சாவி என் இடுப்பில். மறுநாள் ஞாயிறு. காலையிலேயே நோட்டில் குறித்துக்கொண்ட நம்பருக்குப் போன் செய்துவிட்டு, புதுச்சேரி பஸ் பிடித்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினேன். போனில் நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான், புத்தகம் கிடைத்துவிட்டது என்று.

ஷகிலாவுக்கு நாற்பது வயது இருக்கலாம். வாசலிலேயே நின்றிருந்தார். என்னை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார். அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார். மேசையில் எங்கள் வார இதழ் கிடந்தது. மனது ஒரு நொடி குளிர்ந்தது. எனக்கு எழுதுகிறவளின் புத்தியும் உண்டு.

"எங்க அம்மா வீடு திண்டிவனங்க. பேறுகாலத்துக்குப் போயிருந்தேன். மத்தியானத்துல பொழுது போவாது, லைப்ரரியில போய் குந்திக்கினு படிப்பேன். அண்ணன்காரன் வடத்தை இழுக்கிறான் பாருங்க, அந்த எடத்துல எனக்கு வலி எடுத்துக்கிச்சு. புக்கை அப்படியே டேபிள்ல போட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூணு மாசம் கழிச்சு வந்து பாக்கிறேன், புக்கைக் காணோம்."

"அதை நான்தாங்க ஒளிச்சு வச்சேன்," என்றேன்.

பஸ்ஸில் வரும்போது இதைச் சொல்ல நயமான வாக்கியங்கள் பல யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

அவர் என்னையே பார்த்தார். முகம் மெல்லச் சிவந்தது.

"நீங்களா?"

"நான்தான்."

"படிச்சவங்க மாரி இருக்கீங்க. வெக்கமா இல்ல? பதிமூணு வருஷங்க! எம் பொண்ணு பொறந்து, நடந்து, பேசி, இப்ப எட்டாவது படிக்கிறா. அவன் இன்னும் கெணத்துக்குள்ளயே நிக்கிறான்! ஒவ்வொரு வாட்டி அம்மா வீட்டுக்குப் போவும்போதும் அந்த லைப்ரரியில ஏறி எறங்குவேன். அந்த சார் பாவம், அவரை இன்னா பேச்சு பேசியிருப்பேன்! உங்க ஒரு ஆளுக்காவா அந்த புக்கை எழுதினாரு அவரு?"

முதல் நாள் வராந்தாவில் நின்று நான் கத்திய அதே கத்தல். எனக்கு வந்த கோபத்தை விட அவருக்கு வந்தது நியாயமான கோபம். நாவலை எடுத்து நீட்டினேன். வெடுக்கென்று வாங்கிக்கொண்டார்.

"இதுல இன்னா ஆவுதுன்னா..." என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பழக்க தோஷம்.

"சொல்லிடாதீங்க!" என்று போட்ட சத்தத்தில் ஜன்னலில் இருந்த காக்கை பறந்துவிட்டது.

அவர் சட்டென்று எழுந்தார். நின்றபடியே பின்னட்டையைப் பார்த்தார், அந்த ஒற்றை முத்திரையை. பிறகு நடுவில் விரலை விட்டுத் தேடி, பதிமூன்று வருடத்துக்கு முன்னால் விட்ட பக்கத்தைக் கண்டுபிடித்தார். சமையலறை நிலைப்படியில் சாய்ந்துகொண்டார். தலை குனிந்தது. அவ்வளவுதான், நான் அந்த வீட்டில் இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது.

பால் பொங்குகிற வாசனை வந்தது. அவருக்கு அது தெரிந்ததாகத் தெரியவில்லை. நானே எழுந்து அவரைத் தாண்டிப் போய், அடுப்பை அணைத்து, பாத்திரத்தை முந்தானையால் பிடித்துத் தூக்கினேன். அடுப்பு மேடை முழுக்கப் பால் வழிந்து கிடந்தது. கை சுட்டது. எதன் மேலாவது இறக்கியாக வேண்டும்.

முன்னறை மேசையில் எங்கள் வார இதழ் விரித்துக் கிடந்தது. என் தொடர் வந்த பக்கம்தான், மேலே என் படத்தோடு. அதன் மேல் பாத்திரத்தை வைத்தேன். தாள் பொசுங்குகிற வாசனை வந்தது. வட்டம் நன்றாகவே விழுந்திருக்கும்.

நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஒரு பக்கம் புரண்டது. இன்னொரு பக்கம். அந்த அம்மாவின் கல்யாணம் முடிந்து கதை மறுபடி கிணற்றடிக்கு வர வெகு நேரம் ஆனது. அவருடைய வலது கை, தானாக, இல்லாத ஒரு வடத்தைப் பிடிப்பது போல இறுகியது. பதினோரு தடவை படித்த எனக்கே பொறுக்க முடியவில்லை.

"எங்க இருக்கீங்க? தம்பி இழுத்துட்டானா?"

ஷகிலா நிமிரவில்லை. பேசாதே என்று ஒரு விரலை மட்டும் உயர்த்திக் காட்டினார்.